கண்டனப் போஸ்டரில் தொடங்கி கோடல் வரை: தன்னைப் பற்றியே பேசும் வாக்கியங்கள்

மதுரையில் சுவரைப் பார்க்காமல் தெருவில் நடக்க முடியாது. கோரிப்பாளையத்தில் இருந்து சிம்மக்கல் வருவதற்குள் காதணி விழா, பிறந்தநாள் வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, அப்புறம் யாரோ யாரையோ ‘வன்மையாகக் கண்டிக்கும்’ போஸ்டர் என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும். நடுவில் எங்காவது பெயின்ட்டில் ஒரு வரி, யாரும் மதிக்காத வரி: ‘இந்தச் சுவரில் எழுதாதீர்.’ அதுவும் அந்தச் சுவரில்தான் எழுதியிருக்கும்.

இதைக் காட்டி ‘பாருங்கள், பேரடாக்ஸ்!’ என்று சிரிப்பவர்கள் உண்டு. கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர்கள் டீயை உறிஞ்சிக்கொண்டே அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார்கள்: ‘கணக்கே முரண்பாடானதுதான், கோடல் என்று ஒருத்தர் எப்போதோ நிரூபித்துவிட்டார்.’ இரண்டுமே தவறு, அதுவும் வேறுவேறு காரணங்களால் தவறு. தன்னைத் தானே சுட்டும் வாக்கியம் என்றாலே ஆபத்து என்று ஒரு எண்ணம் பரவியிருக்கிறது. உண்மையில் கோளாறு எங்கே நுழைகிறது என்பதைக் கையால் தொட்டுக் காட்ட முடியும். அதற்குப் பத்தாம் வகுப்புக் கணக்கும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

சுவரில் எழுதாதே என்பது முரண்புதிரா?

முதலில் இரண்டு சொற்கள். தன்னைப் பற்றித் தானே பேசும் வாக்கியம் தன்சுட்டு வாக்கியம். யாரும் மறுக்காத அனுமானங்களில் தொடங்கி, ஒவ்வோர் அடியையும் ஒழுங்காக எடுத்து வைத்து, கடைசியில் ‘ஆம்’, ‘இல்லை’ இரண்டும் ஒரே நேரத்தில் வந்து நின்றால் அந்த வாதம் முரண்புதிர் (பேரடாக்ஸ்).

‘சுவரில் எழுதாதீர்’ என்பது தன்சுட்டுதான், ஆனால் முரண்புதிர் இல்லை. எழுதியவர் தன் விதியைத் தானே மீறினார், அவ்வளவுதான். ஹெல்மெட் போடாமல் வண்டியில் வந்து ‘ஹெல்மெட் போடுங்கள்’ என்று அறிவுரை சொல்கிறவரிடம் தர்க்கச் சிக்கல் எதுவும் கிடையாது; வெட்கம்தான் கிடையாது.

பெரும்பாலான தன்சுட்டு வாக்கியங்கள் பரம சாது. ‘இந்த வாக்கியத்தில் ஐந்து சொற்கள் உள்ளன.’ எண்ணிப் பாருங்கள், உண்மை. ஐந்தை எடுத்துவிட்டுப் பத்து என்று போடுங்கள், பொய். கதை முடிந்தது. போஸ்டரின் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருக்குமே, அதுவும் அந்தப் போஸ்டர் தன்னைப் பற்றித் தானே தரும் தகவல்தான். அதைப் படித்து யாருக்கும் தலை சுற்றியதில்லை.

பொய்யன் வாக்கியம்

இப்போது இது: ‘இந்த வாக்கியம் பொய்.’

உண்மை என்று வைத்துக்கொண்டால் அது சொல்வது நடக்க வேண்டும். அது பொய் என்றுதானே சொல்கிறது, ஆகவே பொய். சரி, பொய் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அது சொல்வது சரியாகிவிடுகிறது, ஆகவே உண்மை. எந்தப் பக்கம் போனாலும் மறுபக்கம் தள்ளிவிடுகிறது. இதை முதலில் முன்வைத்தவராகச் சொல்லப்படுபவர் கி.மு. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மிலேட்டஸ் ஊர் யூபுலிடிஸ். நம் பக்கத்திலும் இந்த வாடை இருந்திருக்கிறது: கி.பி. 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சமஸ்கிருத இலக்கண மேதை பர்த்ருஹரி, ‘நான் சொல்வதெல்லாம் பொய்’ என்ற வாக்கியத்தை எடுத்து ஆராய்கிறார்.

ஆனால் இணையத்திலும் மேடையிலும் இந்தப் புதிருக்கு உதாரணமாக வருபவர் பெரும்பாலும் கிரீட் தீவைச் சேர்ந்த எபிமெனிடிஸ்தான். கிரீட் தீவுக்காரர்கள் எல்லாரும் எப்போதும் பொய் சொல்கிறவர்கள் என்று, அந்தத் தீவுக்காரரே சொன்னாராம். பைபிளில் தீத்துவுக்கு எழுதிய நிருபத்தில்கூட இந்தச் சொல் வருகிறது, ‘ஓயாப்பொய்யர்’ என்று. இது முரண்புதிர் என்று பல பேர் சத்தியம் செய்வார்கள். கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். ‘மதுரைக்காரர்கள் வாயைத் திறந்தால் பொய்தான்’ என்று ஒரு மதுரைக்காரர் சொல்கிறார். இது உண்மையாக இருக்க முடியாது, ஏனென்றால் அவரும் மதுரைக்காரர். ஆகவே பொய். பொய் என்றால் என்ன அர்த்தம்? ஏதோ ஒரு மதுரைக்காரர் என்றைக்கோ ஒருநாள் ஒரே ஒரு உண்மையைச் சொல்லியிருக்கிறார் என்று அர்த்தம். அதில் என்ன முரண்பாடு? ‘எல்லாரும் பொய்யர்’ என்பதன் மறுப்பு ‘எல்லாரும் யோக்கியர்’ இல்லை, ‘யாரோ ஒருவராவது ஒரு முறையாவது’ என்பதுதான். இந்தச் சின்னச் சறுக்கலில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள்.

இதுவரை: தன்சுட்டு இருந்தாலும் முரண்புதிர் வராமல் போகலாம். வர வேண்டும் என்றால் அந்த வாக்கியம் தன்னையே மறுக்க வேண்டும். அந்த மறுப்புக்குத் தப்பிக்க ஒரு சந்தும் விடக் கூடாது.

எல்லாவற்றையும் கண்டிக்கும் போஸ்டர்

நம் ஊர்ச் சுவரையே ஆய்வுக்கூடமாக்குவோம். போஸ்டர்கள் மற்றப் போஸ்டர்களைக் கண்டிக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள் (கற்பனை பண்ணவே தேவையில்லை). ஒரு போஸ்டர் தன்னையே கண்டித்துக்கொள்ளவும் செய்யலாம்: ‘போஸ்டர் கலாச்சாரத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்’ என்று போஸ்டர் அடித்தால் அது தன்னையும் சேர்த்துத்தான் கண்டிக்கிறது. பெரும்பாலானவை அப்படிச் செய்யாது.

இப்போது ஒரு குழு கிளம்பி இப்படி அச்சடிக்கிறது: ‘தன்னைத் தானே கண்டிக்காத போஸ்டர்கள் அனைத்தையும், அவற்றை மட்டுமே, கண்டிக்கிறோம்.’

இந்தப் போஸ்டர் தன்னைக் கண்டிக்கிறதா? கண்டிக்கிறது என்றால் அது தன்னைக் கண்டித்துக்கொள்ளும் ரகம். அந்த ரகத்தை இது கண்டிக்காது என்று சொல்லியிருக்கிறது, ஆகவே கண்டிக்கவில்லை. கண்டிக்கவில்லை என்றால் அது தன்னைக் கண்டிக்காத ரகம். அந்த ரகம் முழுவதையும் கண்டிக்கிறது, ஆகவே கண்டிக்கிறது.

புத்தகங்களில் இது போஸ்டராக வராது, முடிதிருத்துபவராக வரும்: ஒரு ஊரில் தனக்குத் தானே சவரம் செய்துகொள்ளாதவர்கள் எல்லாருக்கும், அவர்களுக்கு மட்டுமே, சவரம் செய்பவர். அவருக்கு யார் சவரம் செய்வது? பிரிட்டிஷ் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1918-இல் ஆற்றிய உரைகளில் இதைச் சொல்கிறார், வேறொருவர் தனக்குச் சொன்னது என்ற குறிப்போடு. இதை ரஸ்ஸல் முரண்புதிர் என்றே பலரும் எழுதிவிடுகிறார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. முடிதிருத்துபவர் கதைக்கு விடை ரொம்பச் சுலபம்: அப்படி ஒருவர் எந்த ஊரிலும் இருக்க முடியாது. போஸ்டரும் அப்படித்தான், காகிதத்தில் அச்சடிக்கலாம், ஆனால் அதில் சொன்னபடி நடந்துகொள்ள எந்தப் போஸ்டராலும் முடியாது. அப்படி ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று யாரும் நமக்கு வாக்குக் கொடுக்கவில்லை, ஆகவே இல்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

மூலைவிட்டம்: இயந்திரம் இருக்கும் இடம்

‘இருக்க முடியாது’ என்பதை ஒரு கட்டம் போட்டு நேரடியாகவே பார்க்கலாம். கட்டுரையில் ஒரே ஒரு இடத்தை மட்டும் மெதுவாகப் படிப்பேன் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

சுவரில் நான்கு போஸ்டர்கள். ஒவ்வொரு வரியிலும் ஒரு போஸ்டர். அது முதல் போஸ்டரைக் கண்டிக்கிறதா, இரண்டாவதைக் கண்டிக்கிறதா என்று வரிசையாகக் குறித்துக்கொள்வோம்.

போஸ்டர் 1: ஆம், இல்லை, ஆம், ஆம்
போஸ்டர் 2: இல்லை, இல்லை, ஆம், இல்லை
போஸ்டர் 3: ஆம், ஆம், இல்லை, இல்லை
போஸ்டர் 4: இல்லை, ஆம், ஆம், ஆம்

இடது மேல் மூலையில் இருந்து வலது கீழ் மூலை வரை சாய்வாக இறங்குங்கள். பள்ளியில் செவ்வகத்துக்கு வரைவோமே, அதே மூலைவிட்டம். ஒன்றாவது போஸ்டர் தன்னைக் கண்டிக்கிறதா, இரண்டாவது தன்னைக் கண்டிக்கிறதா என்பதற்கான பதில்கள் அதில்தான் இருக்கின்றன: ஆம், இல்லை, இல்லை, ஆம். இப்போது ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் போடுங்கள்: இல்லை, ஆம், ஆம், இல்லை. நம் குழு அச்சடித்த போஸ்டர் கேட்பது இந்த வரியைத்தான்: தன்னைக் கண்டிப்பதைக் கண்டிக்காதே, கண்டிக்காததைக் கண்டி.

இந்த வரி மேலே உள்ள நான்கில் எது? முதலாவது இல்லை, முதல் இடத்தில் மாறுகிறது. இரண்டாவது இல்லை, இரண்டாம் இடத்தில் மாறுகிறது. மூன்றாவது, நான்காவது என்று எதை எடுத்தாலும் அதனதன் இடத்தில் மாறும்படிதானே செய்தோம். நான்குக்குப் பதில் நாலாயிரம் போஸ்டர் இருந்தாலும், முடிவில்லாமல் இருந்தாலும் இதே கதிதான். பட்டியல் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அதன் மூலைவிட்டத்தைக் கவிழ்த்த வரி அந்தப் பட்டியலுக்குள் இருக்காது.

இந்த உத்தியை 1891-இல் ஜெர்மானியக் கணிதவியலாளர் கேன்டர் கணிதத்துக்குக் கொண்டுவந்தார். அவர் கையில் இது முரண்புதிராக வரவில்லை, அழகான தேற்றமாக வந்தது: எந்தக் கணத்தை (பொருள்களின் தொகுப்பை) எடுத்தாலும், அதன் உட்கணங்கள் (அதில் இருந்து பொறுக்கி எடுக்கும் தொகுப்புகள்) அதன் உறுப்புகளைவிட எண்ணிக்கையில் அதிகம், முடிவிலியாக இருந்தாலும் சரி. போஸ்டர்களை உறுப்புகளாகவும் ‘ஆம்’ ‘இல்லை’ வரிகளை உட்கணங்களாகவும் நினைத்துக்கொண்டால் நிரூபணம் நம் கையில் ஏற்கெனவே இருக்கிறது.

ஆக, தன்சுட்டு என்பது இந்தப் படத்தில் மூலைவிட்டம்: தானே தன்னைச் சந்திக்கும் கட்டங்கள். கவிழ்ப்பது என்பது மறுப்பு. ‘பட்டியலில் எல்லாமே இருக்கிறது’ என்பது மூன்றாவது சரக்கு. மூன்றும் சேர்ந்தால்தான் வெடிக்கும். ஒன்று குறைந்தாலும் அது தேற்றமாகவோ, வேடிக்கையாகவோ, அச்சகத்தின் பெயராகவோ நின்றுவிடும்.

ஃப்ரேகேக்கு வந்த கடிதம்

அப்படியென்றால் ரஸ்ஸல் கண்டுபிடித்தது ஏன் கணித உலகத்தை உலுக்கியது? அங்கே ‘அப்படி ஒன்று இல்லை’ என்று சொல்லித் தப்பிக்க வழி இல்லாமல் இருந்தது, அதனால்தான்.

ஜெர்மானியத் தர்க்கவாதி ஃப்ரேகே, எண்கணிதம் முழுவதையும் தர்க்கத்தின் மேலேயே கட்டிவிட வேண்டும் என்று பல வருடம் உழைத்தவர். அவருடைய கட்டுமானத்தில் ஒரு தூண் இது: எந்தப் பண்பைச் சொன்னாலும், அந்தப் பண்பு உள்ளவற்றின் கணம் ஒன்று இருக்கும். கேட்பதற்கு யார்தான் மறுப்பார்கள்? ‘மல்லிகைப் பூவாக இருப்பது’ என்றால் மல்லிகைப் பூக்களின் கணம். ‘இரட்டைப்படை எண்ணாக இருப்பது’ என்றால் இரட்டைப்படை எண்களின் கணம்.

ரஸ்ஸல் எடுத்த பண்பு: ‘தனக்குத் தானே உறுப்பாக இல்லாத கணமாக இருப்பது.’ மல்லிகைப் பூக்களின் கணம் ஒரு மல்லிகைப் பூ இல்லையே, ஆகவே அதற்கு இந்தப் பண்பு உண்டு. இப்படிப்பட்ட கணங்கள் எல்லாம் சேர்ந்த கணம் தனக்குத் தானே உறுப்பா? நம் போஸ்டரில் ‘கண்டிக்கிறது’ என்ற இடத்தில் ‘உறுப்பாகக் கொண்டிருக்கிறது’ என்று போட்டுக்கொள்ளுங்கள். வார்த்தைக்கு வார்த்தை அதே குழி. ஆனால் இந்த முறை ‘அப்படி ஒரு கணம் இல்லை’ என்று சொல்ல முடியாது, ஏனென்றால் இருக்கும் என்று அந்தத் தூண் உத்தரவாதம் கொடுத்திருக்கிறது. ஆகவே விழ வேண்டியது தூண்தான்.

1902 ஜூன் 16 அன்று ரஸ்ஸல் இதை ஃப்ரேகேக்குக் கடிதமாக எழுதினார். ஃப்ரேகேயின் பெரிய நூலின் இரண்டாம் பாகம் அப்போது அச்சில் இருந்தது. ஒரு வாரத்துக்குள் பதில் எழுதினார், தன் அடித்தளம் ஆட்டம் கண்டுவிட்டது என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு. 1903-இல் வந்த அந்தப் பாகத்தில் இந்தச் சிக்கலைப் பற்றி ஒரு பிற்சேர்க்கையும் சேர்த்தார். கணித வரலாற்றில் இதைவிட நேர்மையான பதில் கடிதம் எனக்குத் தெரிந்து குறைவு.

1908-இல் கணிதவியலாளர் செர்மலோ ஒரு மாற்று வழி கொடுத்தார். வெறும் பண்பைச் சொல்லி அந்தரத்தில் இருந்து கணத்தை வரவழைக்கக் கூடாது. ஏற்கெனவே கையில் இருக்கும் ஒரு கணத்தில் இருந்து அந்தப் பண்பு உள்ளவற்றைப் பிரித்தெடுக்கலாம். இந்த விதிக்குப் பிறகு ரஸ்ஸலின் வாதம் செத்துவிடவில்லை, வேறு வேலைக்குப் போய்விட்டது: ‘எல்லாக் கணங்களையும் கொண்ட கணம்’ என்று ஒன்று கிடையாது என்பதற்கு அதுவே நிரூபணம் ஆனது. நம் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் முதல் பாடத்திலேயே, கணம் என்றால் நன்கு வரையறுக்கப்பட்ட பொருள்களின் தொகுப்பு என்று வரும். அந்த ‘நன்கு’வை யாரும் அழுத்திப் படிப்பதில்லை, தேர்வில் கேட்க மாட்டார்கள். 1902-இன் காயத்தை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் அந்தச் சொல்லின் கனம் தெரியும்.

சுருக்கமாக: முடிதிருத்துபவர் இல்லை என்றால் யாருக்கும் நஷ்டம் இல்லை. ரஸ்ஸலின் கணம் இல்லை என்றால் ஒரு கொள்கையே தப்பு.

வளையத்தைத் தடை செய்தால் போதுமா?

‘தன்னைப் பற்றித் தானே பேசக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டுவிட்டால் தீர்ந்ததே’ என்று தோன்றும். ரஸ்ஸலுக்கே அப்படிப்பட்ட ஒரு தடையில்தான் நம்பிக்கை இருந்தது. இரண்டு சிக்கல்கள்.

ஒன்று, சாதுவானதும் சேர்ந்து அடிபடும். ‘வகுப்பிலேயே உயரமான பையன்’ என்று ஒருவனைக் குறிப்பிடும்போது, அவனும் அடங்கிய கூட்டத்தை வைத்துத்தான் அவனை அடையாளம் காட்டுகிறோம். அதுவும் ஒரு வளையம்தான், அதனால் யாருக்கு என்ன கெட்டது?

இரண்டாவது, வாக்கியத்தைப் பார்த்து மட்டும் குற்றவாளியைப் பிடிக்க முடியாது. தெருவின் ஒரு பக்கச் சுவரில் ‘எதிர்ச்சுவரில் இருக்கும் போஸ்டர் சொல்வது உண்மை’ என்று ஒரு போஸ்டர். எதிர்ச்சுவரில் ‘வைகையில் தண்ணீர் ஓடுகிறது’ என்று இருந்தால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், பிரச்சினை இல்லை. அங்கே ‘எதிர்ச்சுவரில் இருக்கும் போஸ்டர் சொல்வது பொய்’ என்று இருந்தால்? இரண்டு போஸ்டரும் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனாலும் பொய்யன் புதிர் முழுசாக வந்துவிட்டது. இதை ஓர் அட்டையின் இரண்டு பக்கமாக 1913-இல் ஜோர்டெயின் சொன்னார். எதிரே என்ன ஒட்டியிருக்கிறது என்பது, ராத்திரி பசை வாளியோடு வந்தவரைப் பொறுத்தது. தர்க்கத்துக்கு அதில் ஒரு அதிகாரமும் இல்லை.

வளையமே இல்லாமலும் முடியும் என்று காட்டியவர் ஸ்டீபன் யாப்லோ, 1993-இல். முடிவே இல்லாத போஸ்டர் வரிசை. ஒவ்வொன்றும் ‘எனக்குப் பின்னால் இருக்கும் எல்லாப் போஸ்டரும் பொய்’ என்கிறது. தனக்கு முன்பு வந்ததைப் பற்றி எதுவும் பேசவில்லை, எல்லாம் அடுத்து வருபவற்றைப் பற்றித்தான். ஏதோ ஒன்று உண்மை என்று வையுங்கள்: அதற்குப் பின்னால் எல்லாம் பொய், ஆகவே அடுத்ததும் பொய், ஆனால் அடுத்ததற்குப் பின்னால் இருப்பவையும் பொய்தானே, அதைத்தானே அது சொல்கிறது, அப்போது அது உண்மை. முரண்பாடு. சரி, ஒன்றுகூட உண்மை இல்லை என்று வையுங்கள்: அப்படியானால் முதல் போஸ்டர் சொன்னது அப்படியே பலித்துவிட்டது. இதிலும் தன்சுட்டு ஒளிந்துகொண்டிருக்கிறது என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள், சண்டை ஓயவில்லை. நமக்கு வேண்டியது இதுதான்: தடைச் சட்டம் போடுவது சுலபமான வேலை இல்லை.

எண்ணுக்குள் ஒரு வாக்கியம்

இப்போது தர்க்கவாதி கோடல். முதலில் மூன்று சொற்கள்: நிரூபணம் கேட்காமலே ஏற்றுக்கொள்ளும் சில அடிக்கோள்களும், ஒரு வரியில் இருந்து அடுத்த வரிக்குப் போகும் விதிகளும் சேர்ந்த மூட்டைக்கு அமைப்பு என்று பெயர். விதிப்படி இறங்கிவரும் வரிகளின் வரிசை நிரூபணம். ஒரு வாக்கியத்தையும் அதன் மறுப்பையும் இரண்டையும் நிரூபித்துவிடாத அமைப்பு முரணற்றது.

எண்கணிதம் எண்களைப் பற்றி மட்டும்தான் பேசும், வாக்கியங்களைப் பற்றிப் பேசாது. பிறகு எப்படி அது தன்னைப் பற்றிப் பேசும்? கோடல் செய்தது, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓர் எண் கொடுத்தது. அவர் பயன்படுத்திய குறியீடு வேறு. இங்கே குட்டியாக நாமே ஒன்று செய்துகொள்வோம். பூஜ்ஜியக் குறிக்கு 1, சமக்குறிக்கு 2. ‘0=0’ என்ற வாக்கியத்தில் குறிகளின் வரிசை 1, 2, 1. பகா எண்கள் 2, 3, 5 ஆகியவற்றின் மேல் இவற்றை அடுக்குகளாகப் போட்டால், இரண்டின் அடுக்கு ஒன்று, மூன்றின் அடுக்கு இரண்டு, ஐந்தின் அடுக்கு ஒன்று: 2 × 9 × 5 = 90. அவ்வளவுதான், ‘0=0’ என்பதன் எண் 90. 90-ஐக் கையில் கொடுத்தாலும் பகாக் காரணிப்படுத்தி வாக்கியத்தைத் திரும்ப எடுக்கலாம், ஏனென்றால் காரணிப்படுத்துதல் ஒரே விதமாகத்தான் வரும் (பத்தாம் வகுப்பு).

இங்கேதான் விஷயம் திரும்புகிறது. ‘90, இரண்டால் வகுபடும், நான்கால் வகுபடாது.’ இது சுத்தமான கணக்கு. ஆனால் நம் குறியீட்டில் இதற்கு இன்னோர் அர்த்தம் உண்டு: ‘அந்த வாக்கியம் பூஜ்ஜியக் குறியில் தொடங்குகிறது.’ வாக்கியத்தைப் பற்றிய செய்தி, எண்ணைப் பற்றிய செய்தியாக வேஷம் கட்டிக்கொண்டு வந்துவிட்டது. நிரூபணமும் வரிகளின் வரிசைதானே, அதற்கும் எண் கொடுக்கலாம். பொறுமையாகக் கட்டிக்கொண்டே போனால் ‘இந்த எண்ணுள்ள வாக்கியத்துக்கு நிரூபணம் உண்டு’ என்பதே கணக்கு வாக்கியமாகிவிடும்.

மிச்சம் இருப்பது ‘இந்த’ என்ற சுட்டுச்சொல் இல்லாமல் தன்னைத் தொடுவது. அதற்கு ஒரு தந்திரம், அமெரிக்கத் தத்துவவாதி குவைன் காட்டியது, தமிழின் வாக்கிய அமைப்புக்குத் தைத்து வைத்த மாதிரிப் பொருந்துகிறது:

‘என்பதை மேற்கோளுக்குள் போட்டு, அதன் பின்னால் அதையே மறுபடி எழுதினால் கிடைக்கும் வாக்கியம் பொய்’ என்பதை மேற்கோளுக்குள் போட்டு, அதன் பின்னால் அதையே மறுபடி எழுதினால் கிடைக்கும் வாக்கியம் பொய்.

சொன்னபடி செய்துபாருங்கள், கிடைப்பது அதே வாக்கியம். கோடல் மேற்கோளுக்குப் பதில் எண்ணைப் பயன்படுத்தினார்: காலியிடம் உள்ள ஒரு வாக்கியத்தின் எண்ணை அதே காலியிடத்தில் நிரப்புவது. நம் கட்டத்தில் இதுதான் மூலைவிட்டம். கவிழ்த்துப் போடுவது ‘நிரூபணம் இல்லை’. ஆக அவர் கட்டிய வாக்கியம் சொல்வது: ‘எனக்கு இந்த அமைப்பில் நிரூபணம் இல்லை.’

பொய்யன் வாக்கியத்தோடு ஒப்பிடுங்கள், ‘பொய்’ என்ற இடத்தில் ‘நிரூபணம் இல்லை’. அந்த ஒரு மாற்றத்தால் வெடிகுண்டு தேற்றமாகிறது. அமைப்பு உண்மைகளை மட்டுமே நிரூபிக்கும் என்று வைத்துக்கொள்வோம். இந்த வாக்கியத்தை அது நிரூபித்தால், நிரூபணம் இல்லை என்ற பொய்யை நிரூபித்ததாகிவிடும்; ஆகவே நிரூபிக்காது. அப்படியானால் வாக்கியம் சொன்னது சரி, அது உண்மை. உண்மை என்பதால் அதன் மறுப்பு பொய், அதையும் அமைப்பு நிரூபிக்காது. முரண்பாடு எங்கும் வரவில்லை. மூலைவிட்டத்தின் அந்த ஒரே ஒரு கட்டத்தில் உண்மையும் நிரூபணமும் பிரிந்துபோக வேண்டியிருக்கிறது, அவ்வளவே.

1930 செப்டம்பரில் கோனிக்ஸ்பெர்க் நகரத்தில் நடந்த ஒரு கூட்டத்தில், 24 வயதுக் கோடல் இதை அமைதியாகச் சொன்னார். மறுநாள் அதே ஊரில், கணிதத்தில் விடை காண முடியாத கேள்வியே இல்லை என்று நம்பிய பெரிய கணிதவியலாளர் ஹில்பர்ட், நாம் அறிந்தே ஆக வேண்டும், அறிவோம் என்று உரையாற்றினார். கட்டுரை அச்சில் வந்தது 1931-இல்.

கோடல் சொல்லாதவை

கணிதம் முரண்பாடானது என்று அவர் சொல்லவில்லை. முரணற்றதாக இருந்தால்தான் தேற்றத்துக்கே வேலை. எதையுமே நிரூபிக்க முடியாது என்றும் சொல்லவில்லை. பிதாகரஸ் தேற்றம் நேற்று எப்படி நின்றதோ அப்படியேதான் நிற்கிறது.

எல்லா அமைப்புக்கும் இது பொருந்தும் என்றும் இல்லை. அடிக்கோள் எது என்று இயந்திரத்தனமாகச் சரிபார்க்க முடிய வேண்டும், கூட்டலும் பெருக்கலும் சேர்ந்த எண்கணிதம் உள்ளே இருக்க வேண்டும். பெருக்கலை எடுத்துவிட்டுக் கூட்டலை மட்டும் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு வாக்கியத்தையும் தீர்த்துவிடலாம் என்று பிரெஸ்பர்கர் 1929-லேயே காட்டிவிட்டார். இந்த நிபந்தனைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு ‘மனித வாழ்க்கையே முழுமையற்றது, கோடல் சொன்னார்’ என்று மேடையில் முழங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வருகிறது.

எண்கணிதம் தன் முரணின்மையைத் தானே நிரூபிக்க முடியாது என்பது அவருடைய இரண்டாவது தேற்றம். அதனால் அது முரணற்றதா என்றே தெரியாது என்று முடிவு கட்ட வேண்டாம். 1936-இல் கென்ட்சன் வெளியில் இருந்து ஒரு கருவியைக் கொண்டுவந்து அதை நிரூபித்தார். அந்தக் கருவியை நம்பலாமா என்பது அடுத்த கேள்வி.

அதே 1936-இல் ஆலன் டூரிங், வரியில் கணினி நிரல்களையும் நெடுக்கில் அவற்றுக்குக் கொடுக்கும் உள்ளீடுகளையும் வைத்தது போன்ற ஒரு மூலைவிட்ட வாதத்தால், சில கேள்விகளுக்கு எந்தப் பொது வழிமுறையும் இருக்க முடியாது என்று காட்டினார். ஒரு நிரலைக் கொடுத்தால் அது எப்போதாவது நிற்குமா, சுற்றிக்கொண்டே இருக்குமா என்று எல்லா நிரலுக்கும் சரியாகச் சொல்லும் நிரல் எழுத முடியாது என்பது அதன் இன்றைய வடிவம். (டூரிங்கின் அம்மா பிறந்தது நம்ம போத்தனூரில். சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

அப்படியானால் பொய்யன் வாக்கியம் என்ன ஆனது?

கணத்துக்குச் செர்மலோ கிடைத்தார், நிரூபணத்துக்குக் கோடல். ‘உண்மை’க்குத்தான் இன்னும் எல்லாரும் ஒப்புக்கொண்ட தீர்வு இல்லை. எண்கணிதத்தின் உண்மையை எண்கணிதத்துக்குள்ளேயே வரையறுக்க முடியாது, முடிந்தால் பொய்யன் வாக்கியம் உள்ளேயே எழுந்துவிடும் என்று 1930-களில் டார்ஸ்கி நிரூபித்தார். ஒரு மொழியின் உண்மையைப் பேச அதற்கு மேல் ஒரு மொழி வேண்டும், அதைப் பற்றிப் பேச அதற்கும் மேல் ஒன்று. கணக்குக்கு இது கச்சிதம். ஆனால் நாம் பேசும் தமிழில் மாடிப்படி எதுவும் இல்லை. ‘அவன் சொன்னது உண்மை’ என்று எந்தத் தளத்தில் நிற்கிறோம் என்று யோசிக்காமலே சொல்கிறோம்.

தத்துவவாதி சால் கிரிப்கி 1975-இல் வேறு பாதை போட்டார்: சில வாக்கியங்கள் உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை, எந்தக் காலத்திலும் தரையைத் தொடாமல் தொங்குபவை. பொய்யன் வாக்கியம் அந்த ரகம். எதிர்ச்சுவர்ப் போஸ்டருக்கு இது நன்றாகப் பொருந்துகிறது, ஏனென்றால் தொங்குமா தொங்காதா என்பது எதிரே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று அவர் கணக்கில் தானாகவே வந்துவிடும். எனக்குச் சாய்வு இந்தப் பக்கம்தான். ஆனால் வாக்கியத்தைச் சற்றே திருத்தி ‘இந்த வாக்கியம் உண்மை இல்லை’ என்று எழுதுங்கள். உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை என்று சொன்னால், ‘உண்மை இல்லை’ என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். அதைத்தானே அதுவும் சொல்கிறது. மறுபடி முதலில் இருந்து.

இன்னொரு தத்துவவாதி கிரகாம் பிரீஸ்ட் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்வதில்லை. இந்த வாக்கியம் உண்மை, பொய், இரண்டும்தான் என்கிறார். வழக்கமான தர்க்கத்தில் ஒரே ஒரு முரண்பாட்டை ஏற்றுக்கொண்டாலும் அதில் இருந்து எதை வேண்டுமானாலும் நிரூபித்துவிடலாம், ஆகவே அவர் தர்க்க விதிகளையே மாற்றி எழுத வேண்டியிருக்கிறது. எழுதியும் இருக்கிறார், ஓட்டை இல்லாமல். அந்த விலை கட்டுப்படியாகாது என்று பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். கட்டுப்படியாகும் வேறு விலையை அவர்களாலும் இதுவரை காட்ட முடியவில்லை.